ஒரகடம் சாலை – 17: யோகோசுகாவின் பிட்சர்கள்

2009 பிப்ரவரி 9. டோக்கியோவில் நிஸான் நிறுவனத்தின் தலைவர் கார்லோஸ் கோன் நிருபர்களைச் சந்தித்தார். லேமன் பிரதர்ஸ் திவாலாகி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உலகமெங்கும் கார் விற்பனை படுத்துவிட்டிருந்தது. அந்த நிதியாண்டில் 26,500 கோடி யென் நஷ்டம் வரும் என்றும், உலக அளவில் 20,000 வேலைகள் குறைக்கப்படும் என்றும் அவர் அறிவித்தார். அதே நாளில் இன்னொரு சிறு அறிவிப்பும் வந்தது. கம்பெனியின் பேஸ்பால், டேபிள் டென்னிஸ், தடகள அணிகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன என்றது அது.

இதே மாதத்தில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம், ஒரகடத்தில், நிஸானும் ரெனோவும் சேர்ந்து எழுப்பிய தொழிற்சாலையின் தூண்கள் ஏறிக்கொண்டிருந்தன. 2007ஆம் ஆண்டு ஒப்பந்தம், மஹிந்திரா விலகிக்கொண்டது, 640 ஏக்கர் நிலம், ஏழு ஆண்டுகளில் 4,500 கோடி ரூபாய் முதலீடு என்ற திட்டம் ஆகியவற்றை முந்தைய பகுதிகளில் பார்த்தோம். எத்தனையோ செலவுகளை வெட்டிய அந்த ஆண்டில் ஒரகடத்தின் மீது கத்தி விழவில்லை. 2010 மார்ச்சில் ஆலை திறக்கப்பட்டது, மே மாதம் மைக்ரா கார்கள் லைனை விட்டு இறங்கத் தொடங்கின. பேஸ்பால் அணிமீதோ கத்தி விழுந்தது.

ஒன்றுக்காக மற்றொன்று பலியானது என்று சொல்ல முடியாது. ஒரு பேஸ்பால் அணியின் செலவு, கார் ஆலையின் முதலீட்டுக்கு முன்னால் மிகச் சிறியது. ஆனாலும் இரண்டும் ஒரே நிர்வாகம் எடுத்த முடிவுகள்தான். ஒரகடத்துக்கு வந்து சேர்ந்த கம்பெனிகள் எதைக் கொண்டுவந்தன, எதை விட்டுவிட்டு வந்தன என்று கணக்குப் பார்க்கும் இந்தத் தொடரில், அந்த அணியின் கதைக்கு இடம் தராமல் போவது நியாயமாகாது.

ஜப்பானில் கம்பெனி பேஸ்பால் என்பது தொழில்முறை ஆட்டத்தைவிடப் பழையது. ‘டோஷி டைகோ’ எனப்படும் நகரங்களுக்கிடையிலான போட்டி 1927இல் தொடங்கியது. தொழில்முறை லீக் வந்தது அதற்குப் பிறகுதான். ஆடுவது கம்பெனி அணி, சுமப்பது ஊரின் பெயர். நிஸான் அணி களமிறங்கினால் பலகையில் யோகோசுகா நகரம் என்றும் எழுதியிருக்கும். கோப்பைக்குப் பதிலாக ஜெயித்த ஊருக்குக் கறுப்புச் சிங்கக் கொடி தருவார்கள். ஆட்டக்காரர்கள் கம்பெனியின் ஊழியர்கள். காலையில் அலுவலகத்திலோ ஆலையிலோ வேலை, மதியத்துக்குமேல் பயிற்சி. டோக்கியோ டோமில் ஆட்டம் என்றால் ஆலைத் தொழிலாளர்கள் கம்பெனி பஸ்களில் வந்து இறங்குவார்கள். பேண்டு வாத்தியம், மேளம், பனியனில் கம்பெனி நிறம் என்று ஸ்டேடியமே அதிரும். ஆதரவாளர் குழுக்களில் எது சிறந்தது என்பதற்கும் தனிப் பரிசு உண்டு.

1960களில் இப்படி இருநூறுக்கு மேற்பட்ட கம்பெனி அணிகள் இருந்தன. இன்று நூறுக்கும் கீழே.

கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு பிட்சரின் இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஆட்டத்தில் ஓவர் முடிந்தால் பந்து கைமாறும். பேஸ்பாலில் அப்படி இல்லை. 18.44 மீட்டர் தூரத்தில் ஒரு மண்மேட்டில் நிற்கும் ஒரே ஆள், கை தாங்கும்வரை, எதிரணியின் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எறிந்துகொண்டே இருப்பார். நல்ல நாளில் ஒன்பது இன்னிங்ஸையும் அவரே முடித்துவிடுவார். ஓடிவர இடமில்லை, பந்து தரையில் பட்டு எழும்புவதும் இல்லை. எல்லா வித்தையும் விரல்களில்தான். தோற்றால் ஆட்டக் குறிப்பில் ‘தோல்வி’ என்று எழுதுவது அவர் ஒருவர் பெயருக்கு எதிரே. நாக்-அவுட் போட்டிகளில் ஒரு நல்ல பிட்சர் கையில் இருந்தாலே அந்த அணி பாதிக் கிணறு தாண்டிவிட்டது என்பார்கள்.

அப்படிப்பட்ட பிட்சர்களைக் கம்பெனி அணிகள் வளர்த்தெடுத்தன. இதில் உலகம் அறிந்த பெயர் நோமோ ஹிடியோ. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒசாகா அருகே சாகாய் நகரில் உள்ள நிப்பான் ஸ்டீல் ஆலையின் அணியில் சேர்ந்தார். அவருக்குப் பின்னாளில் பேர் வாங்கித் தந்த ‘ஃபோர்க் பால்’ அங்கே பழகியதுதான். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பந்தை இடுக்கி வீச வேண்டும். அதற்கு விரல்கள் அகல வேண்டும். இரவில் இரண்டு விரல்களுக்கு இடையே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து டேப் ஒட்டிக்கொண்டு தூங்குவாராம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் ஆடினார். தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘ட்ராஃப்ட்’டில், 1989இல் எட்டு அணிகள் அவரைக் கேட்டு வரிசையில் நின்றன. 1995இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போய், முதல் சீசனிலேயே 236 முறை எதிரணி ஆட்டக்காரர்களை ஸ்ட்ரைக்-அவுட் செய்து, அமெரிக்காவின் நேஷனல் லீக்கில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். அவரை உருவாக்கிய சாகாய் ஆலை அணியோ அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டுவிட்டது.

நிஸான் அணி பிறந்தது 1959இல். டாட்சன் புளூபேர்ட் கார் சந்தைக்கு வந்த அதே ஆண்டு. இரண்டு ஆண்டு கழித்து யோகோசுகாவின் ஒப்பாமா பகுதியில் நிஸானின் புகழ்பெற்ற ஆலை தொடங்கியது. அதன் பிறகு அணியும் ஆலையும் ஒரே ஊரில் சேர்ந்து வளர்ந்தன. டோஷி டைகோ போட்டியின் முதன்மைச் சுற்றுக்கு அந்த அணி 29 முறை தகுதி பெற்றது. 1984இலும் 1998இலும் கறுப்புச் சிங்கக் கொடியை வென்றது. 2003இல் கம்பெனி அணிகளுக்கான மற்றொரு பெரிய பட்டமான ஜப்பான் சாம்பியன்ஷிப்பும் கைக்கு வந்தது.

அதன் பிட்சர்களில் முதலில் நாடறிந்தவர் இகேடா சிகாஃபுசா. நிஸானிலிருந்து 1983 ட்ராஃப்டில் ஹன்ஷின் டைகர்ஸ் அணிக்குப் போனார். 1985 அக்டோபரில் ஹன்ஷின், செய்பு லயன்ஸை எதிர்த்து ஜப்பான் சீரிஸ் இறுதிப் போட்டிகளில் இறங்கியபோது முதல் ஆட்டத்தின் பந்து அவர் கையில் தரப்பட்டது. தொழில்முறையில் அவருக்கு அது இரண்டாவது ஆண்டுதான். ஒன்பது இன்னிங்ஸையும் தானே எறிந்து, ஒரு ரன்கூட விடாமல் முடித்தார். சக ஆட்டக்காரர் ராண்டி பாஸ் அடித்த மூன்று ரன் ஹோம் ரன் போதுமானதாக இருந்தது. ஆட்டம் 3–0. ஹன்ஷின் அந்த ஆண்டு தன் வரலாற்றில் முதல்முறையாக ஜப்பான் சீரிஸை வென்றது. அடுத்த வெற்றிக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒசாகா வட்டாரத்தில் 1985ஐப் பற்றி இன்றும் பேசுகிறார்கள் என்றால், அந்தப் பேச்சு தொடங்குவது யோகோசுகா கார் கம்பெனியிலிருந்து வந்த ஒரு பிட்சரின் கையில்தான்.

கொடி வென்ற 1998 நிஸான் அணியில் பிட்சராக இருந்த கவாகோயே ஹிடெடாகாவின் காலம் வேறு மாதிரி. 1979 முதல் 2001 வரை கம்பெனி பேஸ்பாலில் உலோக மட்டை அனுமதிக்கப்பட்டிருந்தது. மரமட்டையில் பட்டுச் சும்மா எழும்பும் பந்து, உலோக மட்டையில் பட்டால் வேலி தாண்டிவிடும். பிட்சருக்கு அது கொடுமையான காலம். அங்கே பழகிய கை அவ்வளவு சுலபத்தில் கலங்காது. கவாகோயே அந்த ஆண்டு ட்ராஃப்டில் ஒரிக்ஸ் அணிக்குத் தேர்வாகி, 1999இல் முதல் தொழில்முறை சீசனிலேயே 11 வெற்றிகள் எடுத்தார்.

இங்கேதான் கம்பெனி அணியின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று புரிய ஆரம்பிக்கிறது. பள்ளி முடித்துக் கம்பெனியில் சேர்ந்தவரை மூன்று ஆண்டுக்குத் தொழில்முறை அணிகள் தொடக்கூடாது. கல்லூரி முடித்தவர் என்றால் இரண்டு ஆண்டு. விதி அவ்வளவுதான். காலக்கெடு முடிந்ததும் சிறந்தவர்கள் போய்விடுவார்கள். 2003 பட்டத்துக்குப் பிறகு நிஸானில் நடந்ததைப் பாருங்கள். 2004இல் பிட்சர் ஓஷிமோடோ டாகேஹிகோ நிப்பான்-ஹாம் அணிக்குப் போனார். 2005இல் இன்ஃபீல்டர் சோயோகி எய்ஷின் ஹிரோஷிமாவுக்கு. அடுத்த ஆண்டே சென்ட்ரல் லீக்கின் சிறந்த புதுமுகம் விருது. 2006இல் பிட்சர் டகாசாகி கெண்டாரோ யோகோஹாமாவுக்கு. 2008இல் பிட்சர் நோகாமி ரியோமா செய்புவுக்கு. டகாசாகியும் நோகாமியும் பள்ளியிலிருந்து நேரே வந்து, சரியாக மூன்றாவது ஆண்டு இலையுதிர் காலத்தில் கிளம்பியவர்கள். 2003க்குப் பிறகு அந்த அணிக்குப் பெரிய பட்டம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் இதை வீழ்ச்சி என்று எழுதிவிட்டுப் போனால் தப்பாகிவிடும். நிஸான் இருந்த கனகாவா மாகாணம் கம்பெனி பேஸ்பாலில் நாட்டிலேயே கடினமான களம். தோஷிபா, நிப்பான் ஆயில், மிட்சுபிஷியின் இரண்டு அணிகள், இசுஸு, நிஸான் எல்லாம் ஒரே மாகாணத்தில் தகுதிக்கு அடித்துக்கொண்டன. முதன்மைச் சுற்றுக்குப் போவதே ஒரு வெற்றி. அங்கே அழகான ஒரு வழக்கமும் உண்டு. தகுதி பெற்ற அணி, அதே வட்டாரத்தில் தோற்ற அணிகளிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம். போன வாரம் எதிரே நின்று எறிந்த பிட்சர், இந்த வாரம் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்களுக்காக எறிவார். ஊரின் பெயர் பெரிது, கம்பெனிச் சண்டை அப்புறம்.

அந்தக் கனகாவாவின் மூன்று வாகனக் கம்பெனி அணிகளுக்கும் நேர்ந்ததை வரிசையாகப் பார்க்கும்போதுதான் நெஞ்சு கனக்கிறது.

இசுஸு அணிக்கு 2002 சீசனே கடைசி என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்தும் ஃபுஜிசாவா நகரின் பெயரில் ஆடிய அந்த அணி, அதே ஆண்டு டோஷி டைகோ பட்டத்தை வாழ்நாளில் முதல்முறையாக வென்றது. கொடியோடு ஊர் திரும்பிய சாம்பியன்களை ஆண்டு முடிவில் கலைத்துவிட்டார்கள்.

மிட்சுபிஷியின் கவாசாகி அணி 2000, 2003, 2005 என்று மூன்று முறை வென்றது. ஐந்தாறு ஆண்டு காலத்துக்கு நாட்டிலேயே அதற்கு நிகரில்லை. 2003 தொடக்கத்தில் லாரிப் பிரிவு தனியாகப் பிரிந்து மிட்சுபிஷி ஃபூசோ ஆனது. அணியின் பெயரும் மாறியது. 2004இல் வண்டிகளில் இருந்த கோளாறுகளைக் கம்பெனி மறைத்த விவகாரம் வெடித்தது. நடப்புச் சாம்பியனாக இருந்தும் அந்த ஆண்டு அணி போட்டியிலிருந்து விலகி நின்றது. தப்புச் செய்தது நிர்வாகம், தண்டனை அனுபவித்தது மைதானத்தில் இருந்தவர்கள். அடுத்த ஆண்டே திரும்பி வந்து மறுபடி வென்றார்கள். 2008இல் அந்த அணியும் நின்றது. அதே 2008இல் டோஷி டைகோவை வென்றது அதே மாகாணத்தின் நிப்பான் ஆயில் அணி. அதன் பிட்சர் டசாவா ஜுனிச்சி சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கி, ஜப்பானிய தொழில்முறை லீக்கில் நுழையாமலே நேராக அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸில் கையெழுத்திட்டார். 2013இல் வேர்ல்ட் சீரிஸ் வென்ற பாஸ்டன் அணியில் அவர் இருந்தார்.

மூன்றாவது நிஸான். பிப்ரவரியில் அறிவிப்பு வந்த பிறகும் 2009 சீசன் முழுக்க ஆடினார்கள். வேறு கம்பெனி தேட வேண்டிய கவலை, வேலையில் தொடர்வதா ஆட்டத்தைத் தொடர்வதா என்ற குழப்பம் எல்லாவற்றோடும்தான் அந்தக் கோடையில் டோக்கியோ டோமுக்குப் போனார்கள். அரையிறுதி வரை வந்தார்கள். பிட்சர்களை ஆண்டுதோறும் இழந்துகொண்டிருந்த ஓர் அணி, மூடு விழாவுக்குத் தேதி குறித்த பிறகு, நாட்டின் கடைசி நான்கில் ஒன்றாக நின்றது. ஆகவே தோற்றதால் யாரும் இந்த அணிகளை மூடவில்லை. பந்து எறியும் கைகள் தளர்வதற்கு முன்பே கணக்குப் புத்தகத்தில் அவற்றின் ஆட்டம் முடிக்கப்பட்டுவிட்டது.

இந்த மூன்றில் இரண்டு பெயர்கள் பின்னாளில் ஒரே தபால் முகவரிக்கு வந்து சேர்ந்தன: மாத்தூர் அஞ்சல், ஶ்ரீபெரும்புதூர் வட்டம். ரெனோ–நிஸான் ஆலை 2010இல் வந்தது. 2012 ஏப்ரலில் திறந்த டைம்லரின் ஒரகடம் ஆலை, 2013இலிருந்து ஃபூசோ லாரிகளையும் செய்து ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்புகிறது. 2003இலும் 2005இலும் கொடி வென்ற கவாசாகி அணியின் பெயரில் இருந்த ஃபூசோவைத்தான், ஒரகடத்தில் லைனில் நிற்கும் ஓர் இளைஞர் லாரியின் முகப்பில் பொருத்துகிறார். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படியொரு கதை இருப்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

ஜப்பானியக் கம்பெனிகளிடமிருந்து இந்தத் தடத்துக்கு நிறைய வந்தது. வேலையைச் சிறிது சிறிதாக மேம்படுத்தும் கைசன் வந்தது, பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் ஃபைவ்-எஸ் வந்தது, அதிகாரியும் தொழிலாளியும் ஒரே மாதிரிச் சட்டை போடும் பழக்கம் வந்தது. ஶ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜப்பானிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த விடுதிகள்கூட வந்துவிட்டன. ஆலையின் பெயரை மார்பில் போட்டுக்கொண்டு, ஊரின் பெயரால் ஆடும் அணி என்ற எண்ணம் மட்டும் அந்த வேகத்தில் வரவில்லை. அது பேஸ்பாலாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சென்னைக்கு இது அந்நியமான சங்கதியா என்றால், இல்லை. சென்னை லீக் கிரிக்கெட்டே கம்பெனி அணிகளால் நின்ற ஒன்று. இந்தியா பிஸ்டன்ஸ், ஜாலி ரோவர்ஸ், எம்.ஆர்.எஃப் என்று ஆலைகளும் தொழில் குழுமங்களும் தாங்கிப் பிடித்த அணிகளில்தான் தமிழ்நாட்டு ரஞ்சி ஆட்டக்காரர்கள் பல தலைமுறையாக வளர்ந்தார்கள். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்றால் கால்பந்து, வாலிபால் ரசிகர்களுக்கு இன்னொரு பட்டியலே நினைவுக்கு வரும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த ஒரு வேலை, திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு முப்பது ஆண்டுச் சோறு. யோகோசுகா பிட்சர்களுக்கும் அதேதான். தோள் போன பிறகும் ஆலையில் அவர்களுக்கு ஒரு மேசை இருந்தது.

ஒரகடத்தில் அந்த நிலை வேறு. திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் டிரெய்னியாகவோ கான்ட்ராக்டிலோ சேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டில் வேறு கம்பெனிக்கு மாறிவிடுகிறார்கள். ஜப்பானில் நோகாமி மூன்று ஆண்டில் கிளம்பினார் என்றால், மேலே ஒரு லீக் காத்திருந்தது. இங்கே கிளம்புகிறவருக்கு அடுத்த கேட்டிலும் அதே டிரெய்னி அட்டைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையிலும் ஊர்ப் பொட்டலிலும் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கத்தான் செய்கிறது. ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்து ஆடுகிறவர்கள் அதில் உண்டு. அவர்களில் நல்ல கை உள்ள ஒருவரை எடுத்து, வேலையும் தந்து, மதியத்துக்குமேல் பயிற்சிக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். இத்தனை பெரிய கம்பெனிகள் வரிசையாக நிற்கும் சாலையில் அதைக் கேட்பது பேராசை ஆகாது.

நிஸான் கதையில் இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் அணியை மீண்டும் தொடங்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. பழைய நிஸான் ஆட்டக்காரர் இடோ யூகி மேலாளர் ஆனார். சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் படிப்பை முடித்தவர்கள். கடைசி அரையிறுதி நடந்த 2009இல் ஆறேழு வயதுப் பிள்ளைகள். 2025இல் அணி களத்துக்குத் திரும்பியது.

அதே 2025இல் கம்பெனியின் நிலைமை மறுபடி சரிந்தது. மார்ச் 31 அன்று, ஒரகடம் கூட்டு ஆலையில் தன்னிடம் இருந்த 51 சதவீதப் பங்கை ரெனோவுக்கு விற்பதாக நிஸான் அறிவித்தது. ஆகஸ்டில் ஆலை முழுவதும் ரெனோவின் கைக்குப் போனது. நிஸான் கார்கள் தொடர்ந்து அங்கேதான் செய்யப்படுகின்றன, உடைமை மட்டும் மாறியது. ஜூலையில் இன்னொரு அறிவிப்பு வந்தது. ஒப்பாமா ஆலையில் 2027 நிதியாண்டு முடிவோடு உற்பத்தி நிறுத்தப்படும். 2009இல் அணி போனது, ஆலை இருந்தது. இப்போது அணி திரும்பி வந்திருக்கிறது, யோகோசுகா என்ற பெயரை அதற்குக் கொடுத்த ஆலை நிற்கப்போகிறது.

(அடுத்த பகுதியில்: ஹீரோ குழுமம் விலகிக்கொண்ட 2009இல், ஒரகடம் லாரி ஆலையை டைம்லர் தனியாகவே கட்டி முடித்த கதை.)